பெரிய சொல் பேசினால் பெரிய ஆளா?

காலையில் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் நிற்பவர் கைப்பேசியை எட்டிப் பார்த்தால் 'இன்றைய சொல்' என்று ஒரு ஆப் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்டர்வியூ, புரொமோஷன் என்று ஆளுக்கொரு காரணம். வாயில் நுழையாத ஆங்கிலச் சொல் நாலைந்தை மனப்பாடம் செய்து, மறுநாள் மீட்டிங்கில் இறக்கிவிட வேண்டுமாம். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

சொல் கற்பது தப்பென்று சொல்ல வரவில்லை. சரக்கு இல்லாத இடத்தை மூடுவதற்குச் சொல் தேடுகிறோமே, அங்கேதான் இடிக்கிறது.

விதை போட்டதும் நாம்தான். தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குத் துணைப்பாட வகுப்பில் 'நல்ல தொடர்கள்' என்று ஒரு தாள் கொடுப்பார்கள். பிறகு எந்தக் கட்டுரையானாலும் கதிரவன் பொற்கதிர்களைப் பரப்பிக்கொண்டுதான் வருவான். அடுக்குமாடி புளோக் லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதையிலும் வருவான்! அதே பிள்ளையிடம், "லிஃப்ட் நின்னதும் என்னடா பண்ணுனே?" என்று கேட்டுப் பாருங்கள். அலாரம் பட்டனை அழுத்தியது, கூட இருந்த மலாய்ப் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டது, அவர் பையிலிருந்து டுரியான் வாடை அடித்தது என்று கண்முன் நிறுத்திவிடுவான். அவன் எழுதிய கட்டுரையில் அதில் ஒரு வரி இருக்காது.

1979லேயே அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ அமைச்சர்களையும் உயர் அதிகாரிகளையும் உட்காரவைத்து, எளிமையாக, தெளிவாக, நேரடியாக எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அப்போது அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் டேனியல் ஓப்பன்ஹைமர் இதைச் சோதித்தே பார்த்தார். தேவையில்லாமல் கடினச் சொற்களைத் திணித்த எழுத்தைப் படித்தவர்கள், எழுதியவரின் அறிவைக் குறைத்துத்தான் மதிப்பிட்டார்கள். குறும்புக்கார மனிதர், அந்த ஆய்வுக்கு வைத்த தலைப்பே பல்லை உடைக்கும். 2006ல் அதற்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் கிடைத்தது.

சொல்வளம் பார்க்க வேண்டுமானால் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா ஈரச்சந்தைக்குப் போங்கள். மீன்காரர் நம்மிடம் வஞ்சிரம் என்பார், அதே மீனை அடுத்து நிற்கும் மலாய் மக்சிக்கிடம் தெங்கிரி, சீன அங்கிளிடம் பத்தாங். குழம்புக்கா, பொரிக்கவா என்று கேட்டு அதற்கேற்ற கனத்தில் வெட்டுவார். எந்த ஆப்பும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. மீனும் தெரியும், எதிரில் நிற்கும் ஆளும் தெரியும்.

இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்கள் நீங்கள் முடித்த ஒரு வேலையை எடுத்து, எங்கே சிக்கியது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று வீட்டில் அக்காவிடமோ அத்தையிடமோ சொல்லிப் பாருங்கள். "அப்படின்னா?" என்று அவர்கள் கேட்கும் இடத்தில் உங்களுக்கு ஒரு சொல் தேவைப்படும். அதைத் தேடிப் பிடியுங்கள், ஜென்மத்துக்கும் மறக்காது.

ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா மேடைகளில் அடுக்குமொழியிலேயே அரைமணி நேரம் ஓட்டுபவர்களைப் பற்றியும் எழுதலாம்தான். வேண்டாம், அதில் பாதிப்பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள்.