அல்பெனிஸைச் சுற்றுலா இசை என்று ஒதுக்காதீர்கள்

ஸ்பெயினின் செவ்வியல் இசையைப் பற்றிப் பேச்செடுத்தாலே "கேட்க இனிமை, ஆனால் ஆழம் கம்மி" என்று ஒருவர் சொல்லிவிடுகிறார். நாட்டார் ஆட்டத்தையும் திருவிழாவையும் எடுத்து எழுதினார்களாம், அதனால் லேசான இசையாம். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

பலருக்கும் ஸ்பானிய இசையமைப்பாளர் அல்பெனிஸ் என்றால் கிட்டாரில் கேட்ட 'அஸ்தூரியாஸ்'தான். அது பியானோவுக்கு எழுதியது. தலைப்பில் இருப்பது வடக்குப் பகுதி, உள்ளே ஒலிப்பதோ தெற்கே அந்தலூசியாவின் ஃபிளமெங்கோ என்ற பாட்டும் ஆட்டமும் கலந்த மரபு, அந்தப் பெயரையே அவர் இறந்த பிறகு பதிப்பகம்தான் வைத்தது. நல்ல இசைதான், சரி, ஆனால் அதோடு நின்றுவிடாமல் 'இபேரியா'வுக்கு வாருங்கள். சிறுநீரக நோயோடு போராடிக்கொண்டே 1905 முதல் 1908 வரை எழுதிய 12 பியானோ படைப்புகள். அடுத்த வருடம் 48 வயதில் போய்விட்டார்.

அதில் செவியா நகரத்துக் கத்தோலிக்கர்களின் நற்கருணைப் பவனியை வைத்து ஒன்று இருக்கிறது. முதலில் தூரத்தில் மேளச் சத்தம், அப்புறம் 'லா தாராரா' என்ற நாட்டுப் பாட்டின் மெட்டில் ஓர் அணிவகுப்பு, அது நெருங்க நெருங்க இரண்டு கைகளுக்குள் ஒரு தெருவே திரண்டு வருகிறது. உச்சத்தில், அந்த இரைச்சலுக்கு நடுவே, சாயேத்தா கிளம்புகிறது. புனித வாரத்தில் சொரூபம் வீதியில் வரும்போது பால்கனியில் நின்று ஒருவர் தனிக்குரலில் உருகிப் பாடுவாரே, அந்தப் பாட்டின் சாயல். கூட்டத்தின் கொண்டாட்டமும் ஒரு மனிதரின் மன்றாட்டும் ஒரே நேரத்தில். இதை எப்படி லேசானது என்கிறார்கள்!

இன்னொரு ஸ்பானிய இசையமைப்பாளர் மனுவேல் டி ஃபாயாவின் 'மூன்று முனைத் தொப்பி' பாலேயைப் பாருங்கள். 1919-ல் லண்டனில் அரங்கேறியது, மேடை வடிவமைப்பு பிக்காசோ. கதையில் மாவு மில்லுக்காரர் ஆடுவது ஃபர்ரூக்கா, அண்டை வீட்டார் ஆடுவது செகிதியா, முடிவில் மொத்த ஊரும் சேர்ந்து ஆடுவது ஹோத்தா. ஆறு மாத்திரையை ஒரு முறை மூன்று மூன்றாகவும் மறுமுறை இரண்டு இரண்டாகவும் பிரிக்கிற அந்தத் தாளப் புரட்டு ஸ்பானிய ஆட்டங்களில் பரவலாக உண்டு, அதை எடுத்துவிட்டால் இந்த இசையில் எலும்பே இருக்காது. ஃபாயா இதை மேலோட்டமாக எடுத்தவரும் இல்லை. பழைய ஆழ்ந்த பாட்டு முறை அழிகிறதே என்று கவலைப்பட்டு, 1922-ல் கவிஞர் லோர்காவோடும் நண்பர்களோடும் சேர்ந்து கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனையில் ஒரு போட்டியே நடத்தினார்.

கச்சேரியின் கடைசியில் கைதட்டலுக்காக மட்டும் இவற்றை வாசிப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். இபேரியா முழுவதையும் ஒரே மாலையில் வையுங்கள். கேட்கத் தொடங்குகிறவர்கள் பியானோ கலைஞர் அலிசியா டி லரோச்சாவின் பதிவை எடுங்கள். அத்தனை சிறிய கைகளை வைத்துக்கொண்டு அந்தப் பவனியை அவர் நடத்திக்கொண்டு போகிற விதத்தைக் கேட்டுவிட்டு, அப்புறம் வந்து ஆழத்தைப் பற்றிப் பேசுங்கள்.