புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு போதும்
'புகையிலை சேராத பாக்கு மென்றால் வாய் இறுகாது' என்று பாக்கு பற்றிய ஒரு கட்டுரை சொல்கிறது; அந்த வரிதான் இடிக்கிறது. வாயின் சளிச்சவ்வுக்கு அடியில் நார் படிந்து வாய் இறுகும் இந்த நோய்க்கு (ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ்) பாக்கு மட்டுமே போதும். 2004-லேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை தனிப் பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான பொருட்களின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள், கொலாஜன் என்னும் நார்ப் புரதத்தை நூற்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை முடுக்குகிறது. பாக்கிலேயே இருக்கும் செம்பு, லைசில் ஆக்சிடேஸ் நொதிக்குத் தீனி. அந்த நொதிதான் கொலாஜன் இழைகளைக் குறுக்கே பிணைத்துக் கயிறாக்குகிறது. போதாக்குறைக்கு, பழைய கொலாஜனைக் கரைக்கும் நொதியைப் பாக்கின் துவர்ப்புச் சத்து தடுக்கிறது. வரவு கூடி, செலவு குறைந்தால் கன்னம் தோல்வார் ஆகாமல் என்ன செய்யும்? அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 'எல்லாம் பரம்பரை ஜீன்' என்கிறார். நச்சை முறிக்கும் ஜிஎஸ்டிஎம்1 போன்ற ஜீன்கள் சிலரிடம் இல்லாதது ஆபத்தைக் கூட்டலாம், ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல இல்லை; ஆனால் பாக்கே போடாதவருக்கு இது வருவது மிக அபூர்வம். வடசென்னையில் காசிமேடு, வியாசர்பாடிப் பக்கம் மாவா (பாக்கு, புகையிலை, சுண்ணாம்புக் கலவை) போடுகிறவர்கள் கண்ணாடி முன் நின்று ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் சேர்த்து முன்பற்களுக்கு நடுவே நெட்டுக்குத்தாக நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றாலோ, சாதா ரசமே எரிகிறது, கன்னத்தின் உள்ளே வெளுத்த பட்டை கைக்குத் தட்டுப்படுகிறது என்றாலோ பல் மருத்துவரிடம் போக வேண்டியதுதான். பாக்கை விட்டாலும் படிந்த நார் தானாகக் கரையாது. விடாவிட்டால் மருத்துவர் போடும் ஊசியும் வாய்ப் பயிற்சியும் வீண்.