அம்மாவின் கால்முட்டும் அந்த டப்பாப் பொடியும்

போன ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் சித்தி. போளியைப் பிய்த்துப் பாயசத்தில் போட்டுக்கொண்டே, "மக்களே, அம்மைக்கு இங்கிலீஷ் மருந்து குடுத்துக் குடுத்து கிட்னிய கெடுத்துராத. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பொடி குடுக்காரு. ஒரு கேடும் வராது, நாட்டு மருந்துல்லா" என்றார்.

"ஒரு கேடும் வராது." இந்த மூன்று வார்த்தைக்குத்தான் இந்த நீளப் பதிவு. அன்றைக்குப் பந்தியில் வாயைத் திறக்கவில்லை. சித்தி இதைப் படித்தால் கோபப்படுவார், பரவாயில்லை.

அம்மா 26 வருஷம் அண்டி ஆபீசுக்குப் போனவர். வெளியூர்க்காரர்களுக்காக: முந்திரி உடைக்கிற ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். காலையில் போய்த் தரையோடு தரையாக ஒரு பலகைமேல் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பது. தோட்டிலிருந்து வரும் எண்ணெய் கையைப் பொத்துவிடும், அதற்குச் சாம்பலைத் தேய்த்துக்கொள்வார்கள். கைக்குச் சாம்பல் இருந்தது. முட்டுக்கு ஒன்றும் இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் எக்ஸ்ரே எடுத்தபோது இரண்டு முட்டிலும் தேய்மானம்.

எங்கள் ஊரில் வலி என்றால் முதலில் வர்ம வைத்தியம் பார்க்கிற ஆசான், பிறகுதான் டாக்டர். 1956 நவம்பர் 1-ம் தேதி எங்கள் குமரி மாவட்டமான விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்காக யாரும் ஆசானை மாற்றிக்கொள்ளவில்லை. களியக்காவிளை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைப் பக்கம் ஓர் ஆசானிடம்தான் எங்கள் பாட்டா போவார், அவருடைய மகனிடம்தான் அம்மாவும் போனார். உடம்பில் 108 வர்மப் புள்ளி, அதில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று பாட்டா விரல் மடக்கிச் சொல்வது இன்னும் காதில் இருக்கிறது. எண்ணெயும் அப்படித்தான், அதையும் யாரும் மாற்றவில்லை. சுளுக்குக்கு முறிவெண்ணெய், வாத வலிக்குக் கொட்டஞ்சுக்காதி, பிள்ளை பெற்றவளுக்குத் தன்வந்தரம். இந்தப் பெயர்கள் எங்கள் வீட்டில் காபிப்பொடி, சீனி மாதிரி.

ஆசான் அம்மாவுக்கு ஏழு நாள் இலைக்கிழி வைத்தார். நான் லீவு போட்டுக் கூடவே இருந்தேன். நொச்சி, எருக்கு, ஆமணக்கு, முருங்கை இலைகளை அரிந்து, துருவிய தேங்காயும் வட்டமாக நறுக்கிய எலுமிச்சம்பழமும் இந்துப்பும் சேர்த்து, எண்ணெய் விட்டு உருளியில் தேங்காய் சிவக்கிறவரை வறுப்பார். பிறகு துணியில் இறுக்கிக் கட்டுவார். இரண்டு கிழி. ஒன்று முட்டில் இருக்கும்போது மற்றது சட்டியில் சூடேறிக்கொண்டிருக்கும். எடுத்ததும் முதலில் தன் புறங்கையில் வைத்துப் பார்ப்பார், அப்புறம்தான் அம்மாவின் காலில். அம்மா முகத்தைச் சுளித்தால் "பேடிக்கண்டா அம்மே" (பயப்படாதீங்க அம்மா) என்று சொல்லிக் கையை இலேசாக்குவார். முக்கால் மணி நேரம். அது முடிந்து அரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும், அன்றைக்கு முழுக்கப் பாத்திரம் கழுவக்கூடாது, குளிர்ந்த தண்ணீரைத் தொடக்கூடாது.

நாலாம் நாள் அம்மா படி இறங்கியதைப் பார்த்தேன். கம்பியைப் பிடிக்கவில்லை.

இதை மாயம் என்று சொல்ல மாட்டேன், பொய் என்றும் சொல்ல மாட்டேன். நம் தோலுக்குக் கீழே நரம்பு முனைகளில் சூட்டை உணரும் வாயில்கள் இருக்கின்றன. மிளகாயின் காரமும் அதே வாயிலைத்தான் தட்டுகிறது, அதனால்தான் காரம் "எரிகிறது". இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கும், தொடுகையை உணரும் வாயில்களைக் கண்டுபிடித்த ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் 2021-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மிளகாயிலிருந்து எடுத்த கேப்சைசின் களிம்பை மூட்டு வலிக்கு டாக்டர்களே எழுதுகிறார்கள். இடித்துக்கொண்ட முழங்கையை ஏன் உடனே தேய்க்கிறோம் என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. தேய்க்கிற உணர்வு தண்டுவடத்தில் வலிக்கு முன்னே போய் வாசலை மறித்துக்கொள்கிறது என்று மெல்ஸாக், வால் என்ற இரண்டு பேர் 1965-ல் எழுதினார்கள். ஆக ஆசானின் சூடும் தேய்ப்பும் வெறும் நம்பிக்கை இல்லை. தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளர்ந்துவிடவும் இல்லை. அதை ஆசானே சொன்னார்: "தேஞ்சது தேஞ்சதுதான் அம்மே, நோவு குறையும்."

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது வேறு. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஏழு நாள் தொடர்ந்து யாரோ ஒருவர் அம்மாவின் காலைக் கவனித்து, "வலிக்குதா, இங்கயா, இப்போ எப்படி" என்று கேட்டதே கிடையாது. ஏழு நாள் அவர் பாத்திரம் கழுவவில்லை. அதுவும் அந்தக் கிழிக்குள் கட்டியிருந்த மருந்துதான்.

சரி, பொடிக்கு வருகிறேன்.

கிழி வைத்து எட்டு மாதம் கழித்து வலி திரும்பியது. மறுபடி ஏழு நாள் போய்வர அம்மாவுக்கு மனமில்லை, எனக்கும் லீவு இல்லை. அப்போது ஊரில் ஒருவர் மூலம் ஒரு டப்பா வந்தது. வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, லேபிள் கிடையாது. காலையும் இரவும் அரை ஸ்பூன், வெந்நீரில். மூன்றாவது நாளே அம்மா சந்தைக்கு நடந்து போய் மீன் வாங்கிவந்தார். வீடே கொண்டாடியது. நானும்தான், அதை மறைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்கு இரண்டு டப்பா வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

மூன்று மாதத்தில் அம்மாவின் கன்னம் உப்பியது. பார்த்தவர்கள் எல்லாம் "அம்மை நல்லா தேறிட்டாங்க" என்றார்கள். பிறகு கை காலில் தொட்ட இடமெல்லாம் கன்றிப்போனது. அதுவரை இல்லாத சர்க்கரை முன்னூறைத் தாண்டியது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்க்கும் முன்னே அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏதாவது பொடி சாப்பிடுறீங்களா?" என்றார். ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்பது அவர் சந்தேகம். மூட்டு வலிக்கு, ஆஸ்துமாவுக்கு என்று லேபிள் இல்லாமல் வருகிற பொடிகளில் இது புதிதில்லையாம். இரண்டு நாளில் பறந்துபோகிற வலி, உருண்டையாகிற முகம், ஏறுகிற சர்க்கரை, எல்லாம் அதன் கையெழுத்து. நான் அன்றைக்கே டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போடப் போனேன். "நீங்களா நிறுத்திராதீங்க" என்றார். மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால் உடம்பு தன் சொந்த உற்பத்தியைக் குறைத்துவிடும், திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தப் பல வாரம் ஆனது. பொடி கொடுத்தவரிடம் கேட்டேன். "பரம்பரை ரகசியம்" என்றார்.

ஆசானிடம் ரகசியமே இல்லை. எந்த இலை, எவ்வளவு எண்ணெய், எல்லாம் என் கண்முன்னே வறுபட்டது. அம்மா முகம் சுளித்தால் கை இலேசானது. டப்பாவுக்குக் கண்ணும் இல்லை, கையும் இல்லை. இரண்டையும் "நாட்டு மருந்து" என்ற ஒரே பெயரில் கூப்பிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சித்த மருந்தே வேண்டும் என்றால் அதைப் படித்தவர்கள் இருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-லிருந்து நடக்கிறது, அரசு ஆஸ்பத்திரிகளிலேயே சித்தா பிரிவு உண்டு. போய்ச் சீட்டு வாங்கினால் என்ன மருந்து என்று எழுதித் தருவார்கள். பெயர் இல்லாத மருந்தை மட்டும் வாயில் போடாதீர்கள்.

இங்கிலீஷ் மருந்துக்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். பொடிக்கு முன்னால் அம்மா என்ன செய்தார் தெரியுமா? மெடிக்கல் ஷாப்பில் "வலி மாத்திரை" என்று கேட்டு அட்டை அட்டையாக வாங்கி, வெறும் வயிற்றில் போட்டார். சீட்டு கேட்டவர் யாரும் இல்லை. மாட்டுக்கு வலி போக ஊசியில் போட்ட டைக்ளோபினாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்து, இந்தியாவில் அந்த இனத்தையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது. 2006-ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதன் கழுகு இல்லை, நமக்கு அந்த அளவுக்கு ஆகாது. ஆனாலும் அதே மருந்தை மாதக்கணக்கில் கேட்பாரில்லாமல் போட்டால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்துக்குச் சேதமும் வரலாம். சித்தி சொன்னதில் பாதி சரிதான். மீதிப் பாதிக்குத்தான் சண்டை.

இன்னொன்று, சுருக்கமாக. எங்கள் மாமாவுக்கு ஒருநாள் ராத்திரி நெஞ்சில் பிடிப்பு, இடது தோள்வரை. "வாயு" என்று இஞ்சிச் சாறும் பெருங்காயமும் கொடுத்து, முதுகை நீவிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணி நேரம் போனது. மாரடைப்பு. ஆள் பிழைத்தார், இதயம் பழையபடி இல்லை. நெஞ்சு, தோள், தாடை என்று வலி பரவி வியர்த்தால் சுக்கைத் தேடாதீர்கள், வண்டியைத் தேடுங்கள். அதேபோல், தைலமும் சூடமும் தடவத்தான். குழந்தைக்குச் சளி என்று சூடத்தை உள்ளுக்குக் கொடுக்கிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. வலிப்பு வரும், உயிரே போகலாம்.

என் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில், வீட்டுக் கடன் இங்கே, பையன் பிளஸ் டூ. பள்ளிக்கூட ஆபீசில் கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. போன வருஷம் பின்கழுத்தில் ஆணி அடித்த மாதிரி ஒரு வலி, மூன்று மணிக்கு விழிப்பு தட்டினால் அப்புறம் தூக்கம் இல்லை. ஆளுக்கொரு யோசனை. அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம் சாப்பிட்டேன், கொஞ்சம் தூக்கம் வந்தது. நான் தைராய்டு மாத்திரை போடுகிறவள், அமுக்கரா தைராய்டு அளவைக் கூட்டக்கூடும் என்று டாக்டர் சொன்னதும் விட்டுவிட்டேன். டென்மார்க்கில் 2023-ல் அதை உணவுப்பொருளில் சேர்ப்பதையே தடை செய்துவிட்டார்கள். நம் ஊரில் அது பிஸ்கட்டில்கூட வருகிறது.

ஆடி மாதம் மருந்துக் கஞ்சியும் செய்தேன். மலையாளத்தில் கர்க்கிடகக் கஞ்சி. இப்போது அதுவும் பாக்கெட்டில் கிட்டாக வருகிறது. பாட்டா காலத்தில் அது மழைமாதக் கஞ்சி. மழையில் ரப்பர் பால்வெட்டு இருக்காது, வயலில் வேலை இருக்காது, ஆட்கள் எண்ணெய் தேய்த்து, கஞ்சி குடித்து, முடங்கிக் கிடப்பார்கள். நான் ஏழு மணிக்கு நின்றுகொண்டே கஞ்சியைக் குடித்துவிட்டு ஏழரை பஸ்ஸுக்கு ஓடினேன். கிட்டில் வெந்தயம் இருந்தது, ஜீரகம் இருந்தது. அந்த முடங்கிக் கிடக்கிறது மட்டும் பாக்கெட்டில் வரவில்லை.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது சிரிப்பு வருகிற அளவுக்குச் சாதாரணம். அம்மாவோடு ராத்திரி ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தேன். பக்தி எல்லாம் அவ்வளவு கிடையாது, போனைத் தள்ளி வைக்க ஒரு சாக்கு. பத்து நாளில் கழுத்து இளகியது. பிறகுதான் படித்தேன்: லத்தீனில் ஜெபமாலை சொன்னாலும் யோக மந்திரம் சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு தடவை அளவுக்கு இறங்கி, இதயத் துடிப்பும் அதோடு சீராகிறது என்று 2001-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கிற மூச்சு உடம்புக்கு "சரி, ஆபத்து இல்லை" என்று தகவல் சொல்கிறது. சாமி இல்லாதவர்கள் பாட்டு முணுமுணுக்கலாம், எனக்குத் தெரிந்து அதற்கும் மூச்சு நீளத்தான் செய்கிறது.

அம்மாவின் முட்டுக்கு இப்போது மூன்று காரியம் நடக்கிறது. வாரம் இரண்டு தடவை கொட்டஞ்சுக்காதி தடவி வெந்நீர் ஒத்தடம், அது என் கை. ரொம்ப வலித்தால் மட்டும் டாக்டர் எழுதின மாத்திரை, சாப்பாட்டுக்குப் பிறகு. மூன்றாவது பிசியோதெரபி. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணுகிறவரை பிடித்து, இறக்க வேண்டும். தொடைத்தசை வலுவானால் முட்டுக்குப் பாரம் குறையும். "இதுக்காடே டாக்டருக்கு ரூவா குடுத்த?" என்று முதல் நாள் கேட்டார் அம்மா. பத்து எண்ணச் சொன்னால் ஆறிலேயே காலை இறக்கிவிடுவார்.

இப்போது எண்ணுவதில்லை. அடுக்களையில் இருந்தால் எனக்குக் கேட்கும். வலது காலை நீட்டி "அருள் நிறைந்த மரியே" தொடங்கி "உம்முடைய திருவயிற்றின் கனியாகிய" வரை வந்து இறக்குவார். இடது காலுக்கு அதே ஜெபத்தின் மறுபாதி, "அர்ச்சிஷ்ட மரியே". ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணி முடிகிறபோது இரண்டு காலுக்கும் ஐம்பத்து மூன்று தடவை. பிசியோ சொன்னது முப்பதுதான்.