கேமரா பாடி மாத்தணுமா?

என் பழைய நிக்கான் டி750 பாடி, அதாவது லென்ஸ் போடாத கேமரா, வந்தது 2014-ல, 24.3 மெகாபிக்சல். பத்து வருஷம் கழிச்சு 2024-ல வந்த நிக்கானோட மிரர்லெஸ் (உள்ள கண்ணாடி இல்லாத வகை) கேமரா இசட்6 த்ரீ 24.5 மெகாபிக்சல். இந்த ரெண்டு எண்ணைப் பார்த்தாலே "புது பாடி வாங்கினா படம் சும்மா பளிச்சுன்னு வரும்"ங்கிற பேச்சுல பாதி அடிபட்டுப் போகும். கல்யாண ஆல்பத்துல 12க்கு 36 ஷீட் போடுறோமே, அதுல ஒரு பக்கம் 12க்கு 18 இன்ச். 300 டிபிஐ-ல (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) அடிக்க ஏறக்குறைய 2 கோடி பிக்சல் போதும். நம்ம பழைய பாடியே அதைத் தாண்டித் தருது.

அப்போ எதுவுமே மாறலையா? மாறியிருக்கு, முக்கியமா ஃபோகஸ். டி750-ல இருக்கிற 51 ஃபோகஸ் பாயின்ட்டும் ஃபிரேமோட நடுவுலயே கூட்டமா நிக்கும். 85 எம்எம் லென்ஸை எஃப் 1.8-ல (துவாரத்தை அகலமா திறந்து, கூர்மையா வர்ற ஆழம் ரொம்பக் கம்மி) வச்சு, பொண்ணை ஓரத்துல நிறுத்தணும்னா நடுவுல ஃபோகஸ் பண்ணிட்டு கேமராவைத் திருப்பணும். திருப்புறதுக்குள்ள கண்ணைக் கோட்டை விட்டு, காது ஜிமிக்கி மட்டும் கூர்மையா நிக்கும். மிரர்லெஸ் ஃபிரேம் ஓரம் வரைக்கும் கண்ணைத் தேடிப் பிடிக்குது. இதை மட்டும் நான் மறுக்கவே மாட்டேன்.

அதனால என் யோசனை இதுதான்: ரிவ்யூ வீடியோ பார்க்கிறதுக்கு முன்னாடி, தேறாதுன்னு ஒதுக்கின படங்களைத் திறந்து உட்காருங்க. ஒவ்வொண்ணும் ஏன் கெட்டுச்சுன்னு பாருங்க.

சித்தப்பா பையன் கல்யாணப் படங்களை அப்படித்தான் பார்த்தேன். தாலி கட்டுற கை கலங்கியிருக்கு, ஷட்டர் 1/60 செகண்ட். அங்க ஆடுறது மாப்பிள்ளையோட கை. பாடிக்குள்ள எவ்வளவு ஸ்டெபிலைசேஷன் (கேமரா ஆட்டத்தைத் தணிக்கிற வசதி) இருந்தாலும் அது நிக்காது. ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தைப் பிடிக்கிற அளவு) 6400-க்கு ஏத்தி 1/250-ல எடுத்திருந்தா இதே கேமராவுல நின்னிருக்கும், நாய்ஸ், அதாவது படத்துல புள்ளி புள்ளியா, கொஞ்சம் வந்தா வந்துட்டுப் போகுது. அடுத்து, வீடியோக்காரர் முதுகு மறைச்ச படங்கள். அதுக்கு எந்தக் கம்பெனியும் இன்னும் பாடி கண்டுபிடிக்கல! கடைசியா அந்த ஜிமிக்கி கேஸ். பாடி மாத்தினா பிழைச்சிருக்கும்னு சொல்லக்கூடியது இது மட்டும்தான், அதுவும் கொஞ்சம்தான்.

செலவுப் பக்கம் வாங்க. என்கிட்ட இருக்கிற 80-200 எஃப் 2.8 பழைய டி-லென்ஸ். அதுக்குள்ள மோட்டார் கிடையாது, பாடியில இருக்கிற மோட்டார்தான் அதைத் திருப்பணும். பழைய லென்ஸை இசட் மிரர்லெஸ் பாடியில மாட்டுற நிக்கானோட எஃப்டிஇசட் அடாப்டர்லயும் மோட்டார் இல்ல. ஆக அந்த அடாப்டரோட இசட்-க்குப் போனா இந்த லென்ஸ்ல கையாலதான் ஃபோகஸ். பாடி விலைன்னு நினைச்சுப் போனா லென்ஸ் விலையும் சேர்ந்து நிக்கும்.

கேமராவோட சேர்ந்து வர்ற 18-55 கிட் லென்ஸோட இருக்கிறவங்களுக்கு பாடி மாத்துற யோசனையே வேண்டாம். 55 எம்எம்-ல அது முழுசா திறந்தாலே எஃப் 5.6-தான். ஒரு 50 எம்எம் எஃப் 1.8 வாங்குங்க, கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ள வரும். எந்தப் புது பாடியும் அந்த விலைக்கு இதைத் தராது. பறக்கிற பறவையை எடுக்கிறவங்க கதை வேற. அவங்களுக்கு ஃபோகஸ்தான் எல்லாமே, காசு இருந்தா தாராளமா மாறட்டும்.

நான் இப்போதைக்கு மாறல. புது பாடிக்கு ஆகுற காசுல சின்னப் பங்கு ஒரு நல்ல ஃபிளாஷுக்குப் போகுது. டி-லென்ஸை வச்சுக்கிட்டே இசட்-க்கு மாறினவங்க யாராவது இருந்தா, முகூர்த்த நேரத்துல எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு கீழ சொல்லுங்க.