ஹெட்செட் வேண்டாம், தூங்க விடுங்க

எங்க ஆஸ்பத்திரி நிர்வாகத்தோட நர்ஸுங்க நாங்க வியாழக்கிழமை உட்கார்ந்த மீட்டிங்ல என்ன நடந்ததுன்னு இந்நேரம் உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். தொடர்ந்து ஆறு நைட் டூட்டி போடாதீங்க, மூணோட நிறுத்தி ரெண்டு நாள் ஆஃப் கொடுங்கன்னு கேட்டோம். பதிலுக்கு ஒரு வீடியோ போட்டுக் காட்டினாங்க. தலையில ஹெட்செட் மாட்டி மூளைக்கு லேசா கரண்ட் விட்டா தூக்கம் கெட்டு வர்ற மறதி சரியாயிடுமாம். "ட்ரை பண்ணிப் பாக்கலாமே சிஸ்டர்"னு சொன்னாங்க. அன்னையில இருந்து அதே வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்புறீங்க.

நான் கேட்டது தூக்கம்.

அறிவியல் தெரியாம பேசுறேன்னு யாரும் கமென்ட்ல வராதீங்க. உட்கார்ந்து படிச்சிட்டுதான் எழுதுறேன். உப்புத் தண்ணியில நனைச்ச ஸ்பாஞ்ச் ரெண்டை தலையில வச்சு 1, 2 மில்லி ஆம்பியர் கரண்ட் விடுறது ஒரு முறை. காந்த விசை தர்ற கம்பிச் சுருளைத் தலைமேல வச்சுப் பண்றது இன்னொண்ணு. மருந்துக்குக் கேக்காத மனச்சோர்வுக்கு இந்தக் காந்த சிகிச்சைக்கு அமெரிக்காவுல 2008லயே அனுமதி கொடுத்துட்டாங்க. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியிலயும் இந்த லேசான கரண்ட் சிகிச்சை ஆராய்ச்சி நடக்குது. எல்லாம் நோயாளிக்கு, டாக்டர் மேற்பார்வையில. அதுல எனக்கு ஒரு சண்டையும் இல்ல.

"அமெரிக்க ராணுவமே பண்ணுதே"ன்னு ஒருத்தர் கேட்டார். ஆமா, ஒஹையோவுல இருக்குற ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்துல பண்ணின ஆய்வு 2014ல வந்துச்சு. ராத்திரி முழுக்க முழிச்சிருந்த சிப்பாய்ங்கள்ல சிலருக்கு 2 மில்லி ஆம்பியர் கரண்ட், சிலருக்கு 200 மில்லிகிராம் காஃபீன். கரண்ட் வச்சவங்க கவனம் நல்லா நின்னுச்சு. கண்ணு சொக்காம வச்சிருக்கும், அவ்வளவுதான். கொலம்பியா பல்கலைக்கழகத்துல 2008ல ரெண்டு நாள் தூங்காதவங்களுக்குக் காந்தம் வச்சுப் பார்த்தப்ப, ஞாபகச் சோதனையில பதில் சொல்ற வேகம் கொஞ்சம் திரும்புச்சு. ஒண்ணு ரெண்டு நாள் முழிச்ச ஆளுங்க, ஒரு லேப், சில சோதனை. அதுல இருந்து எப்படிங்க வருஷக்கணக்கா நைட் பார்க்குற எங்களுக்கு வந்தீங்க?

எல்லாரும் காட்டுற இன்னொரு ஆய்வு ஜெர்மனியில லூபெக்ல நடந்தது, 2006. மென்மையான கரண்டால படிச்ச வார்த்தைங்க கூடுதலா ஞாபகம் நின்னுச்சு. ஆனா அந்தக் கரண்டைக் கொடுத்தது எப்போ? அவங்க ஆழ்ந்து தூங்கும்போது! தூங்குறவங்களுக்குத்தான் கொடுத்தாங்க. அதையே அப்புறம் பண்ணிப் பார்த்த எல்லாருக்கும் அதே பலன் கிடைக்கவும் இல்ல.

அன்னன்னைக்கு நடந்ததை மூளையில ஹிப்போகேம்பஸ்னு ஒரு இடம் பிடிச்சு வைக்கும். ஆழ்ந்த தூக்கத்துல அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, நிரந்தரமா வைக்க மூளையோட மேல் பகுதிக்குக் கொடுக்கும். காலையில அடுத்த ஷிப்ட் நர்ஸ்கிட்ட பேஷன்ட் விவரமெல்லாம் சொல்லி நாம ஹேண்ட் ஓவர் கொடுக்கிறோம்ல, அது மாதிரி. அந்த ஹேண்ட் ஓவரே நடக்கலன்னா ஹெட்செட் எதைக் காப்பாத்தும்?

போன மாசம், அஞ்சாவது நைட். விடியக்காலை நாலரை மணி. ஒன்பதாம் பெட் தாத்தாவுக்கு ஆன்டிபயாடிக் போடணும். ட்ரே கையில இருக்கு, பெட் பக்கத்துல நிக்கிறேன். போட்டேனா, போடலையா? சுத்தமா ஞாபகம் இல்ல. சார்ட்ல கையெழுத்து இல்ல. தாத்தா தூங்குறார். கிளவுஸ் மாட்டிக்கிட்டு குப்பை டப்பாவைக் கிளறினேன். காலி மருந்துக் குப்பி ஒண்ணு கிடைச்சுது, லேபிள்ல நான் எழுதின நேரம் 4.10. இருபது நிமிஷம் முன்னாடி நானேதான் போட்டிருக்கேன். கை நடுங்கிருச்சு. இன்னொரு டோஸ் போட்டிருந்தா?

உடனே கையெழுத்து போட்டிருக்கணும்னு சொல்வீங்க. போட்டிருக்கணும்தான், தப்பு என்னுது. இன்சார்ஜ்கிட்ட நானேதான் போய்ச் சொன்னேன். அதுக்குக் கிடைச்ச பதில், "வயசாகுதுல்ல சிஸ்டர்."

எனக்கு நாப்பத்தொண்ணு. பத்தொன்பது வருஷமா இந்த வேலை. லீவுல ஊருக்குப் போய் நாலு நாள் தூங்கி எழுந்தா வார்டுல யாருக்கு என்ன மருந்துன்னு பார்க்காமலே சொல்வேன். அப்போ எங்க போச்சு அந்த வயசு?

"நர்ஸ் வேலைன்னா நைட் இருக்கத்தானே செய்யும்." இப்படி எனக்கு எழுதினவர் யாருன்னு தெரியும், பேரைச் சொல்ல மாட்டேன். நைட் வேண்டாம்னு நான் எங்கயாவது எழுதினேனா? ஆறை மூணாக்குங்கன்னேன். உங்கம்மா ஐசியூவுல இருந்தப்ப ராத்திரி மூணு மணிக்கு உங்களுக்கு போன் பண்ணி, "பயப்படாதீங்க, இறங்கின பிபி ஏறிடுச்சு"ன்னு சொன்னது யாருன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு.

அந்தக் கரண்ட் வச்ச இடத்தோட நிக்காது, ஒரு திறமை கூடினா இன்னொண்ணு குறையலாம், வீட்டுல நீங்களா வச்சுக்காதீங்கன்னு 2016லயே மூளை ஆய்வாளர்கள் பல பேர் சேர்ந்து திறந்த கடிதம் எழுதியிருக்காங்க. அப்படிப்பட்டதை, ஆள் எடுக்க மனசில்லாம, இருபத்திரண்டு வயசுப் புள்ளைங்க தலையில மாட்டச் சொல்றீங்க. எங்க வார்டுல புதுசா சேர்ந்த பொண்ணு நேத்து ஆறாவது நைட் முடிச்சு ஹேண்ட் ஓவர் கொடுக்கும்போது, பேஷன்ட் பேரு வராம அப்படியே அழுதுட்டா. அவளுக்கும் வயசாயிடுச்சா?

இன்னைக்கு எனக்கு நாலாவது நைட். ஏழேகால் பஸ்ஸைப் பிடிக்கணும். இனிமே அந்த வீடியோவை எனக்கு அனுப்பாதீங்க. டூட்டி லிஸ்ட்டை மாத்தினா மட்டும் சொல்லுங்க.