வரி சர்க்கரைக்கா, கேஸுக்கா?

அக்கா பையனுக்குப் பன்னிரண்டு வயது. போன வருடம் அவன் பின்கழுத்து கறுக்க ஆரம்பித்தது. வெயிலில் ஆடுகிறான், அழுக்குச் சேர்ந்துவிட்டது என்று அக்கா பயத்தமாவும் பீர்க்கங்காய் நாரும் வைத்துத் தேய்த்தாள். எலுமிச்சம்பழத் தோலை வைத்தும் தேய்த்தாள். எரிகிறது என்று பையன் அழுதான், கறுப்பு மட்டும் போகவில்லை. "இவன் ஒழுங்காவே குளிக்கிறதில்லடி" என்று என்னிடம் புலம்பினாள். நானும் என் பங்குக்கு அவனைத் திட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

காய்ச்சலுக்காகப் போன இடத்தில்தான் குழந்தைகள் மருத்துவர் கழுத்தைப் பார்த்தார். இது அழுக்கு இல்லை, உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது தோல் இப்படித் தடித்துக் கறுக்கும் என்றார். எடை பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் கொழுப்பு. சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் இப்படியே போனால் வெகு நாள் ஆகாது என்றார்.

"என்னம்மா குடிப்பான்?" என்று கேட்டார். "பால், தண்ணி, அவ்வளவுதான் டாக்டர்" என்றாள் அக்கா. பையன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: ஸ்கூல் விட்டதும் ஒன்று, டியூஷனுக்குப் போகும் வழியில் ஒன்று. பத்து ரூபாய் கூல் டிரிங்க்ஸ் பாட்டில்.

அந்தப் பாட்டில் 200 மில்லி. இந்த மாதிரிப் பானங்களில் பொதுவாக 100 மில்லிக்குப் பத்து, பதினொரு கிராம் சர்க்கரை இருக்கும். இரண்டு பாட்டில் குடித்தால் 40 கிராமைத் தாண்டும். நம் வீட்டு ஸ்பூனில் அளந்தால் பத்து ஸ்பூன். பெரியவர்களே ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பன்னிரண்டு வயதுப் பையன் அதை விட எவ்வளவோ அதிகமாக, பசியும் அடங்காமல், வெறும் தாகத்துக்குக் குடித்திருக்கிறான்.

இதில் அரசும் ஏதாவது செய்ய வேண்டும் என்று நான் சொன்னதற்கு மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், கோபமாகக் கேட்டார்: "நம்ம பையனை நாம கண்டிக்காம, கவர்மெண்டு வந்தா கண்டிக்கும்?" நியாயமான கேள்விதான். பதிலை நான் எங்கள் தெருவில் இருந்தே சொல்கிறேன். பெரம்பூரில் டீ இப்போது 15 ரூபாய். இளநீர் 50 ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பதில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் 20 ரூபாய். பையன் கையில் இருப்பது பத்து ரூபாய். கொளுத்தும் வெயிலில் அந்தப் பத்து ரூபாய்க்குக் கைக்கு ஜில்லென்று வருவது அந்த ஒன்றுதான். அதை அவன் விரும்பித் தேர்ந்தெடுத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் புரசைவாக்கத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிறேன். மளிகைக் கடை, ஏஜென்சிக்காரர்களுக்கெல்லாம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவது என் வேலை. அதனால் இந்த விஷயத்தில் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்ல முடியும். "கூல் டிரிங்க்ஸுக்கு வரி போடு, விலை ஏறும், குடிப்பது குறையும்" என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். வரி ஏற்கெனவே இருக்கிறது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோதே கேஸ் அடைத்த பானங்களுக்கு 28 சதவீதம் வரி, அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரி 12 சதவீதம். 2025 செப்டம்பர் 22-இல் இருந்து இரண்டும் சேர்ந்து ஒரே 40 சதவீதம். நாட்டிலேயே மிக உயர்ந்த அடுக்குகளில் ஒன்று. அப்படியும் பாட்டில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. கம்பெனிகளுக்குள் போட்டி, பாட்டிலும் சின்னதாகிவிட்டது. வரி உள்ளே இருக்கிறது, விலையில் அது தெரியவில்லை.

அதை விடப் பெரிய கோளாறு இன்னொன்று. அந்த 40 சதவீதம் சர்க்கரையின் அளவைப் பார்த்துப் போடப்படுவது இல்லை. சர்க்கரையே இல்லாமல், வேறு இனிப்பூட்டி போட்ட சோடாவுக்கும் 40 சதவீதம்தான். 100 மில்லிக்குப் பதினோரு கிராம் சர்க்கரை இருக்கிற சோடாவுக்கும் அதே 40 சதவீதம்தான். ஆனால் கேஸ் இல்லாத, பழக்கூழ் கலந்த பானத்துக்கு அதே செப்டம்பர் 22-இல் வரி 12-இல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. மாம்பழப் படம் போட்ட பாட்டிலைத் திருப்பிப் பின்னால் இருக்கிற சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் சோடாவுக்குக் குறையாத சர்க்கரை, சிலவற்றில் அதற்கும் மேலே. "பழம்தானே, நல்லதுதானே" என்று நம் அம்மாக்கள் வாங்கிக் கொடுப்பது இதைத்தான். இந்த இரண்டு விகிதங்களையும் ஒரே ஷீட்டில் டைப் செய்கிற எனக்கு, நாம் வரி போடுவது சர்க்கரைக்கா கேஸுக்கா என்று ஒவ்வொரு மாதமும் தோன்றுகிறது.

கிராம் கணக்கில் வரி போட முடியாதா என்றால், முடியும். பிரிட்டனில் 2018 ஏப்ரலில் இருந்து அப்படித்தான். 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் அந்த வரி கிடையாது. 5-இல் இருந்து 8 கிராமுக்குள் என்றால் லிட்டருக்கு 18 பென்ஸ், அதற்கு மேல் 24 பென்ஸ் என்று ஆரம்பித்தார்கள். 2016-இலேயே அறிவித்துவிட்டு இரண்டு வருடம் அவகாசம் கொடுத்தார்கள். வரி கட்டுவதற்குப் பதிலாகப் பல கம்பெனிகள் சர்க்கரையையே குறைத்துவிட்டன. பிள்ளைகள் வயிற்றுக்குள்ளும் சர்க்கரை குறைவாகப் போனது. மெக்சிகோ 2014-இல் லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. முதல் வருடத்திலேயே வாங்குவது சராசரியாக 6 சதவீதம் குறைந்தது. பெரிய எண் இல்லைதான். ஆனால் அங்கே விலை கண்ணுக்குத் தெரிந்து ஏறியது, அதுதான் வேலை செய்தது.

சரி, பள்ளிக்கூட விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் ஆத்திரம் வருவது இதில்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் போட்ட விதி ஒன்று இருக்கிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகம் உள்ளவற்றைப் பள்ளி வளாகத்துக்குள்ளும், வாசலில் இருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. நான் கேட்ட பெற்றோர் யாருக்கும் இப்படி ஒரு விதி இருப்பதே தெரியவில்லை.

பையன் பாட்டில் வாங்குகிற கடைக்குப் போனேன். அண்ணாச்சி நல்ல மனிதர், எங்களைச் சின்ன வயதில் இருந்தே தெரியும். விஷயத்தைச் சொன்னதும் முகம் வாடிப் போனார். "நான் என்னம்மா பண்ணுவேன்? ஃப்ரிட்ஜ் கம்பெனி குடுத்தது. அவன் சரக்கைத் தவிர வேற எதையும் உள்ள வைக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் குடுத்தான். மோர் பாக்கெட் வச்சிருந்தேன், ஆள் வந்து பாத்துட்டு எடுக்கச் சொல்லிட்டான். சொந்தமா ஃப்ரிட்ஜ் வாங்க எனக்கு எங்க வசதி?" அந்தக் கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜைத் திரும்பிப் பார்த்தேன். கடைசித் தட்டில் இருந்து மேல் தட்டு வரை ஒரே வண்ணம். நடுத்தட்டு சரியாகப் பையனின் கண் உயரம்.

அதனால் அண்ணாச்சிக்கு அபராதம் போடுவதில் எனக்கு விருப்பம் இல்லை. ஃப்ரிட்ஜைக் கொடுத்துவிட்டு இதை மட்டும்தான் வைக்க வேண்டும் என்று கட்டுப்படுத்துகிறவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும். பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் கடைகளில் அந்த நிபந்தனை செல்லாது என்று அரசு ஒரு ஆணை போடட்டும். பாதித் தட்டில் தண்ணீரும் மோரும் இருக்கட்டும்.

"முழுசா தடை பண்ணு" என்று கேட்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரியில் தடை வந்தது, இன்றைக்கும் மார்க்கெட்டில் கறிவேப்பிலை எதில் வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். 2017-இல் மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு வணிகர் சங்கங்கள் வெளிநாட்டுப் பானங்களை விற்க மாட்டோம் என்று மார்ச் 1-இல் இருந்து நிறுத்தின. நானும் அப்போது பெருமைப்பட்டேன். அன்றைக்கு நம் கோபம் தண்ணீரைப் பற்றியது, தாமிரபரணி ஆற்று நீரை அந்தக் கம்பெனிகள் எடுப்பதைப் பற்றியது. அந்தக் கோபம் சரியானதுதான். ஆனால் சர்க்கரையைப் பற்றி யாரும் பேசவில்லை. வெளிநாட்டுப் பாட்டிலை வைத்துவிட்டு உள்ளூர்ப் பாட்டிலை எடுத்தோம், கல்லீரலுக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளூர் சோடாக்காரரும் கிராம் கணக்கு வரிக்குள் வரத்தான் வேண்டும், சின்னக் கம்பெனிகளுக்குக் கூடுதல் அவகாசம் கொடுக்கலாம்.

இன்னொரு கேள்வியும் வரும். ரேஷனில் மாதாமாதம் சர்க்கரை கொடுத்துவிட்டு, பொங்கல் தொகுப்பிலும் ஒரு கிலோ வைக்கிற அரசு, எந்த முகத்தோடு இதைக் கேட்கும்? நாம் மூன்று வேளையும் சாப்பிடுகிற அரிசிச் சோறு என்ன ஆனது? உண்மைதான், தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அதிக எடை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொன்னது, அத்தனையும் கூல் டிரிங்க்ஸால் வந்தது இல்லை. எங்கள் வீட்டிலும் ரேஷன் சர்க்கரை உண்டு. ஆனால் அது அம்மாவின் கையில் இருக்கிறது, ஸ்பூன் கணக்கு அவளுக்குத் தெரியும். பாட்டிலுக்குள் கரைந்த ஸ்பூன் கணக்கு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

அதனால்தான் முன்பக்கத்தில் பெரிதாக எழுது என்கிறேன். சிலி நாட்டில் 2016-இல் இருந்தே "சர்க்கரை அதிகம்" என்று கறுப்பு முத்திரை போட்டு விற்கிறார்கள். நம்மாலும் முடியும் என்பதற்குச் சமீபத்திய உதாரணம் இருக்கிறது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓஆர்எஸ்ஸின் பெயரை ஒட்டிக்கொண்டு மருந்துக்கடைகளில் விற்ற சர்க்கரைப் பானங்களை எதிர்த்து ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு வருடம் போராடினார். 2025 அக்டோபரில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. என் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது அதே மாதிரி ஒரு பாக்கெட்டை மருந்து என்று நம்பி வாங்கிக் கொடுத்தவள் நான்.

அப்புறம் தண்ணீர். 2013-இல் பத்து ரூபாய்க்கு அம்மா குடிநீர் வந்தது, இப்போது எங்கள் பக்கம் கண்ணிலேயே படுவதில்லை. 2025-இல் குடிநீர் வாரியம் சென்னையில் சில இடங்களில் இலவசக் குடிநீர் இயந்திரங்களை வைத்தது, நல்ல காரியம். அவற்றைப் பள்ளி வாசல்களிலும் டியூஷன் சென்டர் இருக்கிற தெருக்களிலும் வையுங்கள். அந்த 40 சதவீதத்தில் இருந்தே வையுங்கள்.

பையன் இப்போது ஸ்டீல் பாட்டில் கொண்டு போகிறான். நாலு மாதத்தில் கழுத்துக் கறுப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது, அடுத்த ரத்தப் பரிசோதனை தை மாதம். வருகிற சனிக்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டம். அக்காவும் நானும் போகிறோம். பள்ளி வாசலில் இருந்து அந்த ஃப்ரிட்ஜ் வரை நேற்று டேப் பிடித்து அளந்தேன், 28 மீட்டர். முதலில் அதைச் சொல்லப் போகிறோம்.