தெருநாயைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்

டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11 அன்று சொன்னது. வெறிபிடித்ததையும் மூர்க்கமானதையும் தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று ஆகஸ்ட் 22 அன்று அதையே திருத்தியது. அன்றிலிருந்து முகநூலில் எல்லோரும் இரண்டு கட்சி. இரண்டு கட்சியும் நகரத்துத் தெருவைத்தான் பேசுகின்றன. திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டத்துப் பாதைகளில் காலையில் நடக்கப் போனால் நம்மைத் துரத்துகிற நாய்க்குப் பெரும்பாலும் வீடு இருக்கிறது. கழுத்தில் பட்டை இருக்கிறது. மணி என்றோ டைகர் என்றோ பெயரும் இருக்கிறது. அந்த நாயைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இங்கே வீடுகள் தோட்டத்துக்கு நடுவில் தனித்தனியாக இருப்பவை. ஆட்டுத் திருட்டும் மோட்டார் ஒயர் திருட்டும் நடக்கிற இடத்தில் நாய் வளர்க்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. வளர்க்கிற முறையில்தான் கோளாறு. பகல் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் வெயிலோடு வெயிலாகக் கட்டிப் போடுகிறார்கள். இருட்டியதும் அவிழ்த்து விடுகிறார்கள். விடிவதற்குள் திரும்பக் கட்ட வேண்டும் அல்லவா? பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து, டீ குடித்த பிறகுதான் அந்த நினைப்பே வரும். அந்த நேரத்தில் பாதையில் போவது என்னைப் போல உடம்பு இளைக்க நடக்கிறவர்கள் மட்டுமா? தேங்காய்க் களத்து வேலைக்குப் போகிற பெண்கள், பேருந்தைப் பிடிக்க ஓடுகிற பிள்ளைகள், நூறு நாள் வேலைக்குப் போகிற பாட்டிகள் எல்லோருக்கும் அது ஒன்றுதான் வழி.

“நாயைக் கண்டால் சாலையின் மறுபக்கம் மாறிக்கொள்ளுங்கள்” என்று இணையத்தில் அறிவுரை எழுதுகிறவர்கள் ஒருமுறை எங்கள் இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகிற குறுகிய பாதையில், நடந்து பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆளுயரக் கிளுவை வேலி. மறுபக்கம் என்று ஒன்று கிடையாது. கடவுக்கு, அதாவது தோட்டத்துக்குள் நுழைகிற வழிக்கு, முன்னால் இருக்கும் பாதையையும் தன் தோட்டத்தோடு சேர்த்தே நாய் கணக்கு வைத்திருக்கிறது. அதைத் தாண்டும் வரை நாம் திருடர்கள்தான். ஓடினால் துரத்தும், ஓடுகிற எதையும் துரத்துவது அதன் இயல்பு. நின்றுவிட வேண்டும். கண்ணுக்குக் கண் பார்க்காமல், உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, அதற்கு முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும். சைக்கிளில் போனால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு, கழுத்தையும் முகத்தையும் கையால் மூடிக்கொள்ள வேண்டும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடப்பதை விட்டுவிடுங்கள். குரைப்பு கேட்டால்தான் நிற்கவே முடியும். குனிந்து கல் எடுப்பதுபோலப் பாவனை செய்தால் நம் ஊர் நாய்கள் பாதிக்கு மேல் தயங்கும். குட்டியிலிருந்தே கல்லடி பட்ட அனுபவம் அவற்றுக்கு. கூட்டமாக வந்தால் இந்த வித்தை போதாது. முன்னால் நிற்கிற நாய் குரைக்கும், கெண்டைக்காலைக் கவ்வுவது பின்னால் வருகிற நாய்.

இதெல்லாம் நடக்கிறவர் கற்க வேண்டிய பாடம். வளர்க்கிறவருக்கு ஒரு பாடமும் இல்லையா? திண்ணையில் உட்கார்ந்தபடியே “ஒன்றும் செய்யாது அம்மிணி, நீ பாட்டுக்குப் போ” என்பார்கள். அதே நாயைத் தடுப்பூசி போடக் கால்நடை மருந்தகத்துக்கு ஏன் கூட்டிப் போகவில்லை என்று கேட்டால், “அது யாரையும் கிட்டவே விடாதுங்களே” என்பார்கள். இரண்டையும் ஒரே ஆள் ஒரே வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கடித்துவிட்டால் நடப்பது இன்னும் மோசம். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் என்று ஆளுக்கொன்றை அப்புகிறார்கள். தேவை சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான். பதினைந்து நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். பிறகு நேராக அரசு மருத்துவமனை. தொப்புளைச் சுற்றி ஊசி போடுகிற காலம் இந்தியாவில் இருபது ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. இப்போது கையில்தான், கடித்த அன்று, 3, 7, 28ஆம் நாட்களில் தோலுக்குள் போடுகிறார்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்துக்குள்ளேயே கிருமியை உடனே எதிர்க்கிற மருந்தான இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். நகக் கீறல்தானே என்று சும்மா இருக்கக் கூடாது. வெறிநோயின் அறிகுறி வெளியே தெரிந்த பிறகு பிழைக்க வைக்க மருந்து கிடையாது.

கடித்த நாயைப் பத்து நாள் கட்டி வைத்துக் கவனிக்க வேண்டும் என்பதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான். அதுவரை நாய் நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருக்கவில்லை என்று அர்த்தம். வளர்ப்பு நாய் கடிப்பதில் இருக்கிற ஒரே ஆறுதல் இது. அதையும் கெடுத்துவிடுகிறார்கள். கோபத்தில் அடித்தே கொன்றுவிடுவார்கள். அல்லது பஞ்சாயத்து வருமே என்று இரவோடு இரவாக வண்டியில் ஏற்றித் தொலைவில் விட்டுவிட்டு, “காணவில்லை” என்பார்கள்.

அப்படி விட்டுவிட்டு வருகிற இடம் எது? புறவழிச்சாலை ஓரத்தில் கோழிக்கடைக் கழிவு கொட்டுகிற இடம். பெண் குட்டிகளையும் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் அங்கேதான் விடுகிறார்கள். இறைச்சி தின்று வளர்ந்து கூட்டம் சேர்ந்த அந்த நாய்கள்தான் இரவில் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்துக்குள் புகுந்து பட்டி ஆடுகளைக் குதறுகின்றன. செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு இழப்பீடு கேட்டு விவசாயிகள் மறியல் செய்தார்கள். அந்தக் கோரிக்கை முழுக்க நியாயம். ஆனால் அந்தக் கூட்டத்தில் எத்தனை நாய்கள் நம் தோட்டங்களிலிருந்து போனவை என்ற கேள்வியை எந்த மறியலிலும் யாரும் எழுப்பி நான் கேட்டதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. தன் வசமுள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யார் புகார் கொடுப்பார்கள்? கடித்தது மாமன் வீட்டு நாயாக இருக்கும். இல்லாவிட்டால் நாய்க்காரர், பாசனத் தண்ணீரை முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிற பக்கத்துத் தோட்டக்காரராக இருப்பார். ஊசிச் செலவுக்கு இருநூறு ரூபாயை நீட்டினால் விவகாரம் முடிந்தது.

தெருநாய்களின் கருத்தடைப் பொறுப்பை 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் உள்ளாட்சி அமைப்புகளிடம் கொடுத்திருக்கின்றன. நாய் பிடிக்க ஆளோ வண்டியோ இல்லாத ஊராட்சி என்ன செய்யும் என்று அரசைத்தான் கேட்க வேண்டும். கேட்போம். தோட்டக்காரர்களிடம் கேட்பதற்கு எந்த விதியும் திருத்த வேண்டியதில்லை. முதல் பால் வண்டி வருவதற்குள் நாயைக் கட்டுங்கள், கடவுக்கு ஒரு படல் போடுங்கள், ஆட்டுக்கு ஊசி போடக் கால்நடை மருத்துவர் வருகிற அன்று நாயையும் பிடித்து நிறுத்துங்கள். தடுப்பூசி அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடிபட்டவர் வந்து கேட்டால் காட்டலாம்.